ஹாக்கி என்பது ஒரு விளையாட்டு

கோர்ட் வராந்தாவில் உட்காரப் பழகுவதற்கே எனக்கு இரண்டு மூன்று வாய்தா ஆயிற்று. காற்று வரும் இடம் எது, வெயில் எந்தத் தூண் வரை ஏறும், டவாலி எந்த வாசலில் நின்று பெயர் கூப்பிடுவார் என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரிந்தது. அதற்கு முன் நான் கோர்ட் பக்கம் எட்டிப் பார்த்தவள் இல்லை. அவிநாசிக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில், பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பி.டி. டீச்சர் என்றால்தான் எங்கள் பக்கம் புரியும். ஒரு ஹாக்கி மட்டையை அடையாளம் காட்டுவதற்காக என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். மட்டை எங்கள் பள்ளிக்கூடத்துடையது. அதால் அடித்து ஒருவருடைய கை முறிந்திருந்தது.

என் வாழ்க்கையில் பெரும்பகுதி ஹாக்கி என்ற ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்வதிலேயே போயிருக்கிறது. கல்லூரிக் காலத்தில் கோயம்புத்தூர் டவுன் பஸ்ஸில் மட்டையோடு ஏறினால், யாரை அடிக்கப் போறீங்க அம்மணி என்று கண்டக்டர் கேட்பார். பஸ்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். முதல் வருடம் நானும் சிரித்தேன். கடைசி வருடத்தில் மட்டையைச் சென்னிமலைப் போர்வையில் சுற்றி எடுத்துப்போக ஆரம்பித்தேன். அப்போது அதை வீணையா என்று கேட்டார்கள்.

வீட்டில் அம்மாவுக்கு அது ஆக்கி. 'ஹ' அவர் வாயில் வராது. பத்திரிகைக்காரர்களும் பாதிப் பேர் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள், அதனால் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. "சோத்த ஆக்கி, கொழம்ப ஆக்கி வெச்சுப்போட்டு எந்த ஆக்கிக்கு வேணும்னாலும் போ கண்ணு" என்பார். சிரிக்க வைப்பதற்காகச் சொன்னதில்லை. ஆக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். கல்யாணம் ஆன பிறகும் அதே ஏற்பாடுதான், அடுப்பு மட்டும் வேறு.

சான்றிதழ்களில் 'வளைகோல் பந்தாட்டம்' என்று இருக்கும். வேலையில் சேரும்போது அவற்றைச் சரிபார்த்த அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இது என்ன ஆட்டம் என்று கேட்டார். ஹாக்கி என்றேன். அப்போ ஹாக்கின்னே போட்டிருக்கலாமே என்று அலுத்துக்கொண்டார். வேலைக்கு வந்த பிறகு, மகளை அணியில் சேர்க்கவா என்று கேட்டால் பெற்றோர் தயங்குவார்கள். சினிமாவில் ரவுடிகள் வைத்திருப்பதுதானே அது என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வேன். இரண்டு பக்கமும் பதினோரு பேர், ஒரு பந்து, வளைந்த கோல், பந்தை எதிரணியின் கோலுக்குள் அடிக்க வேண்டும். பாதியில் அவர்களுடைய கண் வேறு பக்கம் போய்விடும்.

அப்படியும் ஒரு அணி சேர்ந்தது. பழைய மாணவி ஒருவர் மட்டைகள் வாங்கிக் கொடுத்தார். எல்லாவற்றிலும் பள்ளியின் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதினேன். கோல் வலைக்குத் தறிக் குடோனிலிருந்து பழைய சாக்குகளை வாங்கித் தைத்துக் கட்டினோம். மைதானம் செம்மண். வெள்ளைப் பந்து ஒரு வாரத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். மதியம் வரை வேறு வகுப்புகள், மாலையில் வாலிபால்காரர்கள், அதனால் எங்களுக்கு விடிகாலையும் ஞாயிற்றுக்கிழமையும் மிஞ்சின. மைதானம் கிடைக்காத நாட்களில் வீட்டு வாசலிலாவது பந்தை உருட்டிப் பழகட்டும் என்று மட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுவேன். அதற்காகப் பின்னால் நிறையப் பேச்சுக் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் அது இல்லாமல் இந்த ஆட்டம் கைக்கு வராது. இன்றைக்கும் யாராவது கேட்டால் எடுத்துப் போ என்றுதான் சொல்லுவேன்.

அந்த அணியில் ஒரு பெண் இருந்தாள். சென்டர் ஹாஃப் ஆடுவாள். மைதானத்தின் நடுவில் நின்று பின்னால் இருப்பவர்களிடமிருந்து பந்தை வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் இடம் அது. கோல் அடித்தவள் பெயர் எல்லாருக்கும் தெரியும், சென்டர் ஹாஃபை யாரும் கவனிக்க மாட்டார்கள். அது அவளுக்குப் பொருந்தியது. பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக வருவாள், தலையில் வைத்த பூவைக் கழற்றித் தண்ணீர்ப் பானை மேல் வைத்துவிட்டு ஆட்டத்துக்குள் இறங்குவாள். அவளுடைய தாத்தா காலத்தில் தோட்டத்து வேலைக்குப் போன குடும்பம். அப்பா விசைத்தறி ஓட்டினார். தறிக்காரர்களுக்கென்று கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். ஒரே ஓட்டுக்கூரை, நடுவில் சுவர், ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

தாராபுரத்தில் ஒரு போட்டிக்குப் போய் அரையிறுதியில் தோற்றோம். திரும்பி வரும்போது மற்றப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஹாக்கியை வைத்துக் கோயம்புத்தூரில் காலேஜ் சீட் வாங்க முடியுமா என்று கேட்டாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும், மண்டலப் போட்டி வரைக்கும் போனால் நிச்சயம் கிடைக்கும் என்றேன். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு முன்னாலேயே மைதானத்துக்கு வந்துவிடுவாள்.

அந்தக் கோடையில் ஆற்றுத் தண்ணீர் ஊருக்குச் சரியாக வரவில்லை. வரும் நாளில் லைன் வீட்டுக் குழாயடியில் குடங்கள் நீளமாக வரிசையில் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரரும் தறி ஓட்டுகிறவர்தான். இரண்டு பேரும் ஒரே குடோனில் ஒரே தறிகளை ஓட்டினார்கள், ஒருவர் பகல், இன்னொருவர் ராத்திரி. பல வருஷப் பழக்கம். அன்றைக்குப் பகலில் கரண்ட் போய்த் தறி நின்றிருந்த நேரத்தில், யார் குடம் முந்தி என்பதில் அவருக்கும் இவளுடைய அம்மாவுக்கும் வார்த்தை முற்றியிருக்கிறது. அவர் குடத்தைத் தள்ள, குடத்தைப் பிடித்திருந்த அம்மா சகதியில் விழுந்திருக்கிறார். ராத்திரி ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த அப்பா சத்தம் கேட்டு எழுந்து வந்தார். வாசல் கதவுக்குப் பின்னால் கைக்கு எது கிடைத்ததோ அதை எடுத்தார். கிடைத்தது மகளுடைய மட்டை. ஒரே அடிதான் என்று எல்லாரும் சொன்னார்கள். தடுக்கத் தூக்கிய வலது கையில் விழுந்தது, முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

அவள் அப்போது குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். முழுவதையும் பார்த்தாள்.

அப்பாவை அன்று சாயங்காலமே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஜாமீன் கிடைக்கும் வரை உள்ளே இருந்தார். மட்டையைப் போலீஸ் எடுத்துப்போனது. அதில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்ததால் மறுநாள் ஒரு ஏட்டு எங்கள் ஆபீஸ் அறைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று தலைமையாசிரியையிடம் கேட்டார். விளையாட்டுக்கு என்று அந்தம்மா சொல்ல, ஏட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த ஹாக்கி அவ்வளவுதான். காலேஜ் கலாட்டாக்களில் காரின் பின்னாலிருந்து எடுத்த மட்டைகளைத்தான் அவர் பார்த்திருக்கிறார். புகாரில் 'ஆக்கி கட்டை' என்று எழுதியிருந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தபோது 'ஹாக்கி மட்டையால் தாக்குதல்' என்று போட்டிருந்தார்கள். பள்ளியின் பெயர் வரவில்லை, ஆனால் ஊருக்கே தெரிந்திருந்தது.

தலைமையாசிரியை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மிகவும் களைத்த குரலில், டீச்சர், இன்னும் கொஞ்ச வருஷத்துல நான் ரிட்டயர்டு, பேரன்ட்ஸ் எல்லாரும் போன் பண்றாங்க, ஹாக்கிங்கற பேரே கொஞ்ச நாளைக்கு வேண்டாம், த்ரோபால் ஆரம்பிச்சுக்கங்க என்றார். மட்டைகளை அவரே நின்று ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டச் செய்தார். கொஞ்ச நாளைக்கு என்று அவர் சொன்னதை நான் நம்பினேன். அவருக்குப் பிறகு வந்தவரிடமும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். சண்டை போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் சொல்லும்போது நான் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். யாரோடு, எதற்கு, எந்த நேரத்தில் என்று யோசித்தேன். மாவு அரைபட்டு முடிந்ததும் யோசனையும் முடிந்துவிட்டது.

அந்தப் பெண் சில நாட்கள் மைதானத்துக்கு வந்தாள். படியில் உட்கார்ந்து த்ரோபால் ஆடுகிறவர்களைப் பார்ப்பாள். வா என்று கூப்பிட்டேன். இல்லீங்க டீச்சர் என்றாள். பிறகு வரவில்லை. மண்டலப் போட்டிக்கு அந்த வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து யாரும் போகவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, பகலில் பனியன் கம்பெனியில் தைத்த துணியில் நீட்டி நிற்கும் நூல் பிசிர் வெட்டிக்கொண்டே தபால் வழியில் பி.காம். சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

கேஸ் அவளைவிட மெதுவாக நடந்தது. சம்மன் வரும், லீவு போடுவேன், போவேன். ஒரு நாள் ஜட்ஜ் லீவு, ஒரு நாள் வக்கீல்கள் வேலைக்கு வரவில்லை, ஒரு நாள் மட்டையே வரவில்லை. கேஸ் சாமான்களைப் பூட்டி வைக்கும் அறையின் சாவி யாரிடமோ இருந்தது. அடிபட்டவர்தான் முதல் சாட்சி. அவர் ஒரு தடவையும் வரவில்லை. லீவு போட்டுப் போட்டு என் சாதாரண விடுப்பெல்லாம் அந்த வராந்தாவில்தான் கரைந்தது. முழங்கால் அப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது. ஓடி ஆடியவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது அதுதான். சிமெண்ட் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும்.

அவளையும் சாட்சியாகச் சேர்த்திருந்தார்கள், நேரில் பார்த்தவள் என்று. அப்பாவுக்கு எதிரான சாட்சி. வாய்தா நாட்களில் அவளும் வருவாள், அம்மாவோடு வராந்தாவின் மறு கோடியில் நிற்பாள். அப்பா வேறொரு தூணருகில் நிற்பார். அவளைக் கூண்டில் ஏற்றியது எனக்கு முந்தின வாய்தாவில். நான் ஒன்றும் பார்க்கவில்லை, வீட்டுக்குள் இருந்தேன் என்று சொல்லிவிட்டாள். அரசு வக்கீல் அவளைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லிக் குறுக்குக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை, தெரியாது என்ற இரண்டே பதில்தான். இறங்கி வந்தவள் என்னிடம் நேராக வந்தாள். அத்தனை மாதங்களில் அன்றைக்குத்தான் பேசினாள்.

"டீச்சர், உங்களக் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"என்ன கேக்கறாங்களோ அதுக்கு இருக்கறதத்தான் சொல்லோணும் கண்ணு."

"அது வெளையாட்டுச் சாமான்னு சொல்லுங்க டீச்சர். நம்ம வக்கீல் சொல்றாரு, அது ஆயுதம் இல்லைன்னு ஆயிருச்சுன்னா எங்கப்பாவுக்கு ஒண்ணும் பெருசா வராதாமா."

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. ஆபத்தான ஆயுதத்தால் அடித்தால் ஒரு சட்டப் பிரிவு, சும்மா அடித்தால் வேறொன்று. இரண்டுக்கும் தண்டனையில் நிறைய வித்தியாசம். ஹாக்கி மட்டை எந்தப் பக்கம் சேரும் என்பதுதான் பிரச்சினை, அதைச் சொல்ல அந்த ஊரில் நான் ஒருத்திதான் இருந்தேன். அவள் தலையைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி சப்பாத்தி உருட்டும்போது என் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் ஒரு ஆட்டத்தில் எதிரணிக்காரி ஓங்கிய மட்டையில் அது முறிந்தது. சரியாகச் சேராமல் இன்னும் வெளிப் பக்கம் வளைந்தே நிற்கிறது.

அடுத்த வாய்தாவில் என்னைக் கூப்பிட்டார்கள். ஜட்ஜ் இளம் வயதுப் பெண். மேஜையில் கட்டுக்கட்டாகக் கோப்புகள், ஃபேன் காற்றில் பறக்காமல் அவற்றின் மேல் வைத்த பேப்பர் வெயிட்டுகள். மட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிடியில் சுற்றியிருந்த துணி பிரிந்து தொங்கியது. சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. எங்கள் பள்ளியுடையதுதான் என்றேன். என் வேலை அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அரசு வக்கீல் விடவில்லை. என்ன மரம் என்று கேட்டார். மல்பெரி என்றேன். ஜட்ஜம்மா நிமிர்ந்து, பட்டுப்பூச்சிக்கு இலை போடற மரமா என்று கேட்டார். ஆமாம் மேடம் என்றேன். அவருக்கு அது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது போலும், ஒரு நிமிஷம் மட்டையையே பார்த்தார். பந்து எவ்வளவு கடினம், எவ்வளவு வேகமாகப் போகும் என்று வக்கீல் கேட்டுக்கொண்டே வந்து, பிறகு நின்று, இதால அடிச்சா மனுஷன் எலும்பு முறியுமா என்றார்.

கூண்டிலிருந்து பார்த்தால் அவளுடைய அப்பா எதிரில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார், சர்ச்சுக்குப் போகிறவர் மாதிரி. என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முறியுமுங்க" என்றேன். "எனக்கே விரல் முறிஞ்சிருக்குதுங்க."

பின்னால் யாரோ மூச்சு விட்டது கேட்டது. அவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயதானவர், அவசரமே இல்லாதவர். உங்க விரல் எங்க முறிஞ்சுது என்று கேட்டார். ஆட்டத்தில் என்றேன். உங்களை அடித்தவர் மேல் கேஸ் போட்டீர்களா என்றார். இல்லை என்றேன். மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கினால் என்ன ஆகும் என்றார். நாங்கள் ஆடிய காலத்தில் அது தப்பாட்டம், விசில் ஊதி எதிரணிக்குப் பந்தைக் கொடுத்துவிடுவார்கள் என்றேன். மட்டையின் இந்தப் பக்கம் தட்டையாகவும் அந்தப் பக்கம் உருண்டையாகவும் ஏன் இருக்கிறது என்றார். தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம், உருண்டைப் பக்கம் பட்டால் அதுவும் தப்பு என்றேன். இவ்வளவு சட்டம் உள்ள ஒரு பொருளை ஆயுதம் என்று சொல்ல முடியுமா என்று அவர் கேட்க, அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இங்கிலீஷில் வாதாடினார்கள். ஜட்ஜம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சர், ஹாக்கின்னா என்ன? அதை மட்டும் சொல்லுங்க."

அத்தனை வருஷம் கண்டக்டர்களுக்கும் பெற்றோருக்கும் அலுவலர்களுக்கும் சொன்னதெல்லாம் தொண்டைக்கு வந்தது. சொல்ல நிறைய இருந்தது. காலையில் செம்மண்ணில் பனி காயும் முன் பந்து ஓடும் ஓட்டம், ஒருத்தி தள்ளிய பந்து இன்னொருத்தி மட்டையில் வந்து நிற்கும் சத்தம், அந்தப் பெண் நடுவில் நின்று இடுப்பை வளைத்துத் திரும்பும் விதம். இதில் எதைச் சொல்வது? இரண்டு பக்கமும் பதினோரு பேருங்க மேடம், ஒரு பந்து என்று ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள்.

"விளையாட்டுதானே?"

"ஆமாங்க மேடம்."

அவர் டைப் அடிக்கிறவர் பக்கம் திரும்பிச் சொன்னார்: ஹாக்கி என்பது ஒரு விளையாட்டு. டைப் அடிக்கிறவர் அடித்தார். கையெழுத்துப் போடும்போது படித்துப் பார்த்தேன். எலும்பு முறியும் என்று நான் சொன்னது ஒரு வரி, இது ஒரு வரி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் உண்மைதான், கையெழுத்துப் போட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் அவளும் அவள் அம்மாவும் எனக்கு முன்னாலேயே நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் நிழற்குடையின் மறு பக்கத்துக்குப் போய்விட்டாள். அவள் அம்மா மட்டும், போயிட்டு வாங்க டீச்சர் என்றார். கோபம் இருந்ததோ என்னவோ, குரலில் தெரியவில்லை. நான் முன்னால் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சம்மன் வரவில்லை. என் பங்கு முடிந்தது. பள்ளியில் த்ரோபால், கேரம், ஆண்டு விழா அணிவகுப்பு என்று நாட்கள் போயின. ரொம்ப நாள் கழித்து ஒரு காலையில், முதல் பீரியட் மணி அடிக்கும் முன், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவள்தான்.

"டீச்சர், இன்னிக்குப் பக்கத்து வீட்டு மாமா வந்து சாட்சி சொல்றாருங்க. அவரக் கூட்டியார வாரண்டு போட்டுட்டாங்க. நீங்க வாரீங்களா?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

அடிபட்டவரை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். மெலிந்த மனிதர். வலது கை முழங்கைக்குக் கீழே சற்றுத் திரும்பிச் சேர்ந்திருந்தது, சத்தியம் செய்யக் கையைத் தூக்கியபோது தெரிந்தது. என்ன நடந்தது என்று அரசு வக்கீல் கேட்டார். குழாயடியில் பாசி இருந்தது, வழுக்கி விழுந்துவிட்டேன், கை கல்லில் மோதியது என்றார். மட்டையைக் காட்டி இதால் அடிக்கவில்லையா என்று கேட்டார். அதை நான் பார்த்ததே இல்லீங்க என்றார். போலீஸில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறீர்களே என்று கேட்டதற்கு, வலியில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை என்றார். அரசு வக்கீல் கோப்பை மூடினார். அவருக்கும் அது புதிதில்லை போலும், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அன்று எங்கள் கேஸுக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ இருந்தன.

தீர்ப்பு அதற்கடுத்த வாய்தாவில் வந்தது. அதற்கும் போனேன். கேஸ் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. மட்டை ஆயுதமா இல்லையா என்ற பேச்சே அதில் வரவில்லை. அதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது. நான் கூண்டில் நின்று சொன்ன வரிகள் அந்தக் கட்டில் எங்கேயோ கிடக்கும், யாரும் படிக்கப்போவதில்லை. வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. உட்கார வேண்டும் போல இருந்தது.

எதிரில் ஒரு டீக்கடை. அவளுடைய அப்பா என்னை விடாமல் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தார். பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். இரண்டு ஆண்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்று டீ குடித்தார்கள். ஒருவர் பன்னைப் பிய்த்துப் பாதியை மற்றவரிடம் நீட்டினார். அவரும் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் கவனித்துவிட்டார்.

"கை ஒடஞ்சது நெசந்தானுங்க டீச்சர்" என்றார். "நான் கெடந்தப்ப குடோன்ல வேற ஆள் போடப் பாத்தாங்க. ஜாமீன்ல வந்த அன்னிக்கே இவன் போயி என்ற ஷிப்டையும் சேத்தி ஓட்டுனான். பகலும் ராத்திரியும். நின்னுக்கிட்டே தூங்குவானாம். கை கூடுற வரைக்கும் என்ற எடத்துக்கு ஆள் வரலீங்க. அப்பறம் நான் போயி என்னன்னு சொல்றது."

அப்பா அதைக் கேட்காதவர் போல டீக்கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார். இத்தனை நாள் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்ல வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்கு அப்போது புரிந்தது. வந்து பொய் சொல்லவும் மனசில்லை, உண்மை சொல்லவும் மனசில்லை. வாரண்ட் வந்த பிறகு ஏதாவது ஒன்றைச் சொல்லத்தானே வேண்டும்.

அவள் கடைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். ஆள் வளர்ந்திருந்தாள். பனியன் கம்பெனியில் இப்போது பிசிர் வெட்டும் வேலை இல்லை, கணக்குப் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள், பி.காம். முடியப் போகிறது என்றாள். அன்றைக்கு நான் கூண்டில் சொன்னதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. பஸ் வர நேரம் இருந்தது. பெஞ்சின் இன்னொரு பாதியில் வந்து உட்கார்ந்தாள்.

அவளுடைய அப்பா டீ கிளாஸைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு வந்து எங்களுக்கு முன்னால் நின்றார். ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமல் வேட்டியைச் சரிசெய்தார். பிறகு மகளிடம் கேட்பது போல என்னிடம் கேட்டார், இந்த ஆட்டத்தை ஒரு நாள்கூட வந்து பார்த்ததில்லை, ராத்திரி வேலைக்காரனுக்குக் காலையில் தூக்கம், கோர்ட்டில் நீங்கள் சொன்னதைக் கேட்டும் சரியாக விளங்கவில்லை, அதில் எப்படித்தான் ஜெயிப்பது என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"பந்தக் கோலாலயே தள்ளிக்கிட்டுப் போயி அவங்க கோலுக்குள்ள அடிக்கோணுமுங்கப்பா. காலு படக் கூடாது."

"நீ அடிப்பியா?"

"நான் அடிக்க மாட்டேனுங்க. அடிக்கறவளுக்குக் குடுப்பேன்."

அவர் குடுக்கறவளுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். ஒன்றும் கிடைக்காது என்றாள் அவள், ஆனால் கொடுக்காவிட்டால் யாரும் அடிக்க முடியாது என்றும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. காலு படக் கூடாதாமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் திரும்பிச் சொன்னார்.

பஸ் வந்தது. கூட்டம் அதிகம். என் முழங்காலைப் பார்த்து அவள் யாரிடமோ கேட்டு எனக்கு ஒரு ஸீட் வாங்கிக் கொடுத்தாள். அவளும் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவள் நடுவில். அவள் இப்போது ஆடுவதில்லை. அவர்கள் இறங்க வேண்டிய ஸ்டாப் எனக்கு முன்னால் வந்தது. வாரேனுங்க டீச்சர் என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். மறுநாள் மண்டல த்ரோபாலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.